கைகழுவக் கணக்குப் போடுவோம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் நடுநிலைப் பள்ளியில் 180 பிள்ளைகள், நான்கு குழாய்கள். சாப்பாட்டு மணி அடித்ததும் முண்டியடித்து, பாதிப் பேர் கையை நனைத்துக்கொண்டு ஓடிவிடுகிறார்கள். எட்டாம் வகுப்புச் செயல்திட்டமாக இதை எடுக்கலாமா?
– அறிவியல் ஆசிரியை, திருவையாறு

பதில்: தாராளமாக. ஆனால் காலால் மிதித்துத் தண்ணீர் வரவழைக்கும் அமைப்புக்கென்று முதல் நாளே கேனும் கயிறும் வாங்கிவிடாதீர்கள். ஒரு வாரம் பிள்ளைகள் கடிகாரத்தோடு குழாயடியில் நிற்கட்டும். நனைக்க 5 நொடி, சோப்பு போட்டுத் தேய்க்க 20, அலச 15 என்று ஒருவருக்கு 40 நொடி வருகிறதென்று வைத்துக்கொள்வோம். கூட்டம் குவிவது முதல் பத்து நிமிடத்தில்தான். அதற்குள் நான்கு குழாயில் 60 பேர்தான் கழுவ முடியும். மற்றவர்கள் ஓடுவதற்குக் காரணம் சோம்பல் இல்லை, இந்தக் கணக்கு.

தேய்க்கும் வேலைக்குக் குழாய் எதற்கு? ஒன்றரை லிட்டர் பாட்டில் தண்ணீரில் 30 கிராம் சலவைத்தூளைக் கரைத்து, மூடியில் ஊசித்துளை போட்டு, வரிசையின் தொடக்கத்தில் கட்டுங்கள். வரிசையில் நகர்ந்துகொண்டே தேய்க்கலாம். குழாயடியில் 15 நொடி அலசல் மட்டும். அதே பத்து நிமிடத்தில் 160 பேர். காக்கை சோப்புக்கட்டியைத் தூக்கிப் போகும் தொல்லையும் இல்லை.

மிச்சம் 20 பேருக்குக் காலால் மிதிக்கும் கேன் ஒன்று போதும். இரண்டு செய்யுங்கள், ஒன்று எப்படியும் பழுதில் கிடக்கும். இரண்டு மீட்டர் கவைக்கொம்பு (நுனியில் இரண்டாகப் பிரிந்த கம்பு) இரண்டை 70 செ.மீ. இடைவெளியில், அரை மீட்டர் ஆழத்தில் நட்டு, குறுக்கே ஒரு கம்பு. பிடியுள்ள 5 லிட்டர் சமையல் எண்ணெய்க் கேனை அதில் மாட்டுங்கள். மூடியிலிருந்து 12 செ.மீ. கீழே, முன்பக்கம், சுட்ட ஆணியால் 2 மி.மீ. துளை மூன்று. ஆணியை இடுக்கியால் பிடிப்பதும் சுடுவதும் உங்கள் வேலை, பிள்ளைகளுடையது அல்ல. துளைக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர் ஊற்றி, மூடியில் துளையிட்டுக் கட்டிய நைலான் கயிற்றின் மறுமுனையைத் தரையில் கிடக்கும் மிதிகட்டையில் முடிந்துவிட்டால் தீர்ந்தது. மிதித்தால் கேன் சாய்ந்து தண்ணீர் கொட்டும்.

நாலு சொட்டு வந்து நின்றுபோனால், கேனுக்குள் காற்றுப் போக வழியில்லை என்று பொருள். மூடித்துளையைக் கயிறே அடைத்திருக்கும். பிடிப்பக்கம் மேலே இன்னொரு சிறு துளை போடுங்கள். 100 மி.லி. டம்ளர் 20 நொடிக்குள் நிரம்பவில்லையென்றால் துளைகளைச் சற்றுப் பெரிதாக்கலாம். காய்ந்த கம்பைக் கரையான் தின்றுவிடும். பச்சைக் கிளுவையோ பூவரசோ நட்டால் துளிர்த்து வேர்விட்டு நிற்கும். கேனில் பாசி பிடிக்காமலிருக்க வெளியே கறுப்புச் சாயம் பூசுங்கள். கொசு முட்டை பறக்கும் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும் என்பதால் வாரம் ஒருமுறை கவிழ்த்துக் கழுவ வேண்டும். ஒன்று மட்டும் கண்டிப்பு: பூச்சிமருந்து வந்த கேன் எத்தனை முறை கழுவியிருந்தாலும் கூடவே கூடாது. நம் வயல்வெளிகளில் அது கேட்பாரற்றுக் கிடப்பதால்தான் சொல்கிறோம்.

கேள்வி: கைகழுவும் இடத்தில் உறிஞ்சுகுழி தோண்டினோம். ஐப்பசியில் அது குட்டையாகிவிட்டது. ஜல்லி போதவில்லையா?
– தலைமையாசிரியர், மன்னார்குடி

பதில்: ஜல்லி தண்ணீரை வடிகட்டும், குடிக்காது. குடிக்க வேண்டியது சுற்றியுள்ள மண். காவிரி, கொள்ளிடப் படுகை மணலில் வேலை செய்யும் குழி, உங்கள் களிமண்ணில் செய்யாது. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலேறிவிட்டால் சுத்தமாகச் செய்யாது.

தோண்டும் முன்பே பிள்ளைகள் சோதித்திருக்கலாம். ஒரு முழ ஆழக் குழியில் தண்ணீர் நிரப்பி ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாள் 15 செ.மீ. ஊற்றி, நீர்மட்டம் 2.5 செ.மீ. இறங்கும் நேரத்தைக் குறியுங்கள். அரை மணிக்குள் இறங்கினால் உறிஞ்சுகுழி சரி. ஒரு மணியைத் தாண்டினால் அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். சோதனையை ஐப்பசியில் செய்யுங்கள், சித்திரையில் செய்தால் மண் பொய் சொல்லும்.

உங்களுக்கு ஏற்றது மேட்டுப்பாத்தி. தரைக்கு மேல் ஒன்றரை அடி மணல் கலந்த மண் போட்டு, கல்வாழையும் சேம்பும் நடுங்கள். தண்ணீர் பாத்திக்குப் போகும் முன் தேங்காய் நார் நிரப்பிய ஓட்டை வாளி வழியே இறங்கட்டும். சோற்றுப் பருக்கையும் எண்ணெயும் அதில் தங்கும். வாரம் ஒருமுறை நாரை மாற்றாவிட்டால் நாறும். தட்டுக் கழுவும் தண்ணீரை இதில் சேர்க்க வேண்டாம். அடிபம்பு பக்கத்தில் இருந்தால் 15 மீட்டராவது தள்ளி அமையுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர்த் தண்ணீரில் சோப்பு நுரைப்பதே இல்லை. கை சுத்தமாகுமா?
– ஒன்பதாம் வகுப்பு மாணவி, வேதாரண்யம்

பதில்: கடின நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத வெள்ளைத் துணுக்குகளாகப் படிந்துவிடுகின்றன. அது போக மிஞ்சிய சோப்புதான் அழுக்கை எடுக்கும். உப்பு மிகுந்தாலும் நுரை எழாது. சலவைத்தூளுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஒரே அளவு குழாய்த் தண்ணீர், மழைத் தண்ணீர் என்று இரண்டு பாட்டிலில் எடுத்து, சோப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கிப் பாருங்கள். நுரை நிற்க எதற்கு எத்தனை சொட்டு ஆகிறதென்று எண்ணினால் வித்தியாசம் தெரியும்.

கேள்வி: பிள்ளைகள் ஒழுங்காகக் கழுவினார்களா என்று கண்டுபிடிப்பது எப்படி?
– பெற்றோர் ஒருவர், நாகப்பட்டினம்

பதில்: மஞ்சள்தூளைத் துளி எண்ணெயில் குழைத்துக் கையில் மெல்லப் பூசிவிட்டு, சோப்புக்கட்டியால் கழுவச் சொல்லுங்கள். சோப்பின் காரம் பட்ட இடம் சிவக்கும், பிறகு கழுவப்படும். கட்டைவிரல் அடியிலும் நக இடுக்கிலும் மஞ்சள் மஞ்சளாகவே இருக்கும், பார்த்துக்கொண்டேயிருங்கள். கடையில் வரும் திரவ ஹேண்ட்வாஷ் பெரும்பாலும் காரமற்றது, அதில் இந்தச் சிவப்பு வராது.