பேட்டைக்கு வழி

அன்புள்ள ஐயா,

பெங்களூருக்கு வேலைக்கு வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. தங்கை திருமணத்துக்குப் புடவை எடுக்கச் சிக்பேட்டை மெட்ரோ நிலையத்தில் இறங்கி, கைப்பேசியில் வழி பார்த்துக்கொண்டே முக்கால் மணி நேரம் சந்து சந்தாக அலைந்தோம். அம்மா அழாத குறை. எந்தத் திட்டமும் இல்லாமல் முளைத்த இடம். அவென்யூ ரோட்டையாவது இடித்து அகலமாக்கக் கூடாதா? இங்கே முதலில் குடியேறியவர்கள் தமிழர்கள்தானா? தமிழில் என்ன படிக்கலாம்?

ர.

அன்புள்ள ர.,

யார் முதலில் வந்தார்கள் என்ற வழக்குக்கு நான் வரவில்லை. புத்தகங்களை இன்னொரு நாள் சொல்கிறேன். 'திட்டமில்லாமல் முளைத்த இடம்' என்று எழுதிவிட்டீர்களே, அதை என்னால் பொறுக்க முடியவில்லை.

1537இல் விஜயநகரத்துக்குக் கீழ்ப்பட்ட எலகங்காத் தலைவர் கெம்பே கௌடர் ஊர் அமைத்தபோது போட்ட தெருக்கள் இவை. பழைய ஊர் மதிலின் எலகங்கா வாசலிலிருந்து தெற்கே கோட்டைப் பக்கம் தொட்டபேட்டைத் தெரு. அல்சூர் வாசலிலிருந்து மேற்கே சிக்பேட்டை. இரண்டும் சந்திக்கும் இடத்தில் நான்கு ஏர் பூட்டி நான்கு திசைக்கும் உழுதார்கள் என்று கதை உண்டு. நீங்கள் இடிக்கச் சொல்லும் அவென்யூ ரோடுதான் அந்தத் தொட்டபேட்டை. 1791இல் திப்பு சுல்தானுடன் நடந்த போரில் ஆங்கிலேயத் தளபதி காரன்வாலிஸின் படை அல்சூர் வாசலை உடைத்து நுழைந்ததும் இந்தப் பேட்டைக்குள்தான்.

சந்துகளுக்கும் கணக்கு உண்டு. கும்பாரப்பேட்டையில் குயவர்கள் இருந்தார்கள், காணிகரப்பேட்டையில் செக்காட்டுபவர்கள். அக்கிப்பேட்டை அரிசிக்கு, ராகிப்பேட்டை ராகிக்கு, அரளெப்பேட்டை பஞ்சுக்கு. என்ன வேண்டும் என்று சொன்னாலே எங்கே போகவேண்டும் என்பதும் அன்று தெரிந்துவிடும். கைப்பேசியையே பார்த்துக்கொண்டு நடந்தீர்களே, ஒருவரிடமாவது வாய் திறந்து கேட்டீர்களா?

எனக்கு ஏழு வயது. எங்கள் வீடு அல்சூரில். அப்பா தரகுப்பேட்டைத் தானிய மண்டியில் கணக்கு எழுதினார். தீபாவளிக்கு முந்தின நாள் சிக்பேட்டைக் கூட்டத்தில் அம்மாவின் கையை விட்டுவிட்டேன். யார் யாரோ கன்னடத்தில் கேட்டார்கள், எனக்குப் புரியவில்லை. அழுதுகொண்டே 'தரகுப்பேட்டை' என்றேன். தலையில் சாக்கை மடித்துப் போட்டிருந்த ஒரு மூட்டைக்காரர் குனிந்து என் முகத்தைப் பார்த்தார். இடுப்பில் இரும்புக் கொக்கி தொங்கியது. சுண்டுவிரலை நீட்டினார், பிடித்துக்கொண்டேன். வழியெல்லாம் அவர் ஒன்றும் பேசவில்லை. தெரு முனையில் ராகி மூட்டைகளைக் கண்டதும் நான் ஓடினேன். அப்பா பேரேட்டைப் போட்டுவிட்டு எழுந்து வந்தார். திரும்பிப் பார்த்தபோது அந்த மனிதர் இல்லை. அப்பா அன்று மாலை வரை மண்டி மண்டியாக அவரைத் தேடினார்.

அந்தத் தெருக்களைத்தான் இடிக்கச் சொல்கிறீர்கள். லாரிக்கு வழி வேண்டுமானால் லாரி வரும் நேரத்தை மாற்றட்டும்.

அம்மா அழாத குறை என்ற வரி மட்டும் என்னை வாட்டியது. சித்திரைப் பௌர்ணமிக்கு அவரை அழைத்து வாருங்கள். திகளர்பேட்டை தர்மராயர் கோயிலிலிருந்து நள்ளிரவில் கரகம் புறப்படும். தலையில் மல்லிகைக் கோபுரம் போன்ற கரகத்தைச் சுமப்பவர் கையால் தொடாமல் விடிய விடிய இந்தச் சந்துகளில்தான் நடப்பார். மஸ்தான் தர்காவிலும் நின்று போவார். அம்மா உட்கார ஒரு திண்ணை பார்த்து வைக்கிறேன்.