கேள்வி - பதில்: பழைய எம்.ஜி.பி.யைப் பெயிண்ட் அடித்து விற்கலாமா?

கேள்வி: குடும்பத்தில் 1966-ஆம் ஆண்டு எம்.ஜி.பி. ரோட்ஸ்டர் (திறந்த மேற்புறமுள்ள பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்று இருக்கிறது. பதினைந்து வருடமாக ஓடவில்லை. பெயிண்ட் மங்கிவிட்டது, இருக்கைத் தோலில் வெடிப்பு. விற்பதற்கு முன் பெயிண்ட் அடித்துவிடலாமா?

பதில்: வேண்டாம். இந்தக் காருக்குத் தனி சேஸிஸ் கிடையாது, பாடியே எலும்புக்கூடு. புதுப் பெயிண்டைப் பார்த்ததும், விஷயம் தெரிந்தவர் ‘அடியில் எவ்வளவு பட்டி (ஓட்டை, பள்ளங்களை அடைக்கும் பூச்சு) இருக்கிறதோ’ என்றுதான் யோசிப்பார். மங்கிய பழைய பெயிண்டில் மறைக்க ஒன்றும் இல்லை, அவர் தேடுவதும் அதைத்தான். பழைய நிலையிலேயே காப்பாற்றிய கார்களுக்கென்று அமெரிக்காவின் பெபிள் பீச் பழங்கால கார் கண்காட்சி 2001 முதல் தனிப் பிரிவே நடத்துகிறது.

மென்மையான சோப்பு நீரில் கழுவி, துடைத்து, மெழுகு பூசினால் போதும். பாலிஷ் மெஷின் விளிம்புகளில் இரும்பு தெரியும்வரை தேய்த்துவிடும். போன பெயிண்ட் திரும்ப வராது. டயர், ரப்பர் குழாய்கள், பிரேக் சீல் போன்றவற்றைத் தயங்காமல் மாற்றுங்கள், அதற்காக யாரும் விலையைக் குறைக்கப்போவதில்லை. கழற்றிய ஒரிஜினல் பாகங்களையும் ஜாக்கி, டூல் பையையும் ஒரு பெட்டியில் போட்டு காரோடு கொடுங்கள். பாதி பிரித்துப்போட்ட கார்தான் மிக மோசமான விலைக்குப் போகும்.

கேள்வி: விற்கும் முன் எஞ்சினை ஓட்டிக் காட்ட விரும்புகிறேன். எப்படி ஆரம்பிப்பது?

பதில்: முதலில் சாவியைத் தொடாதீர்கள். நெடுநாள் நின்ற எஞ்சினில் பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு துருவில் ஒட்டியிருக்கலாம். ஸ்டார்ட்டர் மோட்டார் முரட்டுத்தனமாக இழுத்தால் ரிங் உடையும்.

நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, சிலிண்டருக்கு இரண்டு டீஸ்பூன் வீதம் மெல்லிய எண்ணெய் விட்டு, இரண்டு நாள் ஊற வையுங்கள். பிறகு டாப் கியரில் போட்டு காரை மெதுவாக முன்னே தள்ளுங்கள். ஃபேன் சுற்றினால் எஞ்சின் விட்டுக்கொடுத்துவிட்டது. சுற்றாவிட்டால் இன்னும் எண்ணெய் விட்டுக் காத்திருங்கள், பலம் காட்டாதீர்கள். அடுத்து ஆயிலும் ஃபில்டரும்: 20W-50 தர எஞ்சின் ஆயில் ஊற்றி, பிளக் இல்லாமலே ஸ்டார்ட்டரால் சுற்றி, ஆயில் பிரஷர் முள் எழும்பிய பிறகே பிளக்கை மாட்ட வேண்டும். பிளக் இடைவெளி 0.64 மி.மீ., வால்வ் இடைவெளி 0.38 மி.மீ.

பேட்டரியில் கவனம். இருக்கைக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்திருக்கும். உங்கள் மாடலில் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேரும். 1967 கடைசியில்தான் நெகட்டிவுக்கு மாற்றினார்கள். இடையில் யாராவது மாற்றியிருக்கவும் கூடும் என்பதால், பார்த்துவிட்டு இணையுங்கள்.

பெட்ரோல் டேங்க் டிக்கித் தரையின் அடியில் ஒட்டினாற்போல் இருக்கிறது. நடுவே அழுக்கும் ஈரமும் தேங்குவதால் மேல்பக்கத்திலிருந்துதான் துருப்பிடிக்கும்; கீழிருந்து பார்த்தால் நன்றாகவே தெரியும். அதனால் இறக்கிப் பார்ப்பதே நல்லது. சாவியைத் திருப்பியதும் எஸ்.யூ. நிறுவனத்தின் பெட்ரோல் பம்ப் ‘டிக் டிக்’ என்று அடிக்காவிட்டால், பெரும்பாலும் அதன் பாயிண்ட்டுகள் (மின் தொடர்பு முனைகள்) தான் கறுத்திருக்கும். கார்புரேட்டர் பிஸ்டனை விரலால் தூக்கி விடுங்கள். ‘டக்’கென்று விழ வேண்டும். தயங்கி இறங்கினால் சுத்தம் செய்து, மேலே உள்ள டாம்பரில் (பிஸ்டனின் அசைவை மட்டுப்படுத்தும் பகுதி) எண்ணெய் விடுங்கள்.

எஞ்சின் ஓடிவிட்டது என்ற மகிழ்ச்சியில் காரை நகர்த்திவிடாதீர்கள். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சி வீல் சிலிண்டரை உள்ளுக்குள் அரித்திருக்கும், ரப்பர் குழாய்கள் உள்ளே உப்பி அடைத்திருக்கும். இந்த வேலையைப் பாதியில் விட்டால் உயிருக்கே ஆபத்து.

கேள்வி: வாங்க வருபவர் முதலில் எதைப் பார்ப்பார்?

பதில்: கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டிச் சட்டத்தை. அதை சில் என்பார்கள். காரின் முதுகெலும்பே அதுதான். மேல் தகடு பளபளக்க, உள்ளே இரண்டு அடுக்குகள் இற்றுப்போயிருக்கலாம். ஜாக்கி பாயிண்ட்டில் தூக்கிக் கதவைத் திறந்து மூடுங்கள். கதவு இடித்தாலோ, இடுக்கு குறுகினாலோ சட்டம் தாங்கவில்லை என்று பொருள். மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை ஓட்டினால் பட்டி இருக்குமிடத்தில் பிடிப்பு தளரும். பேட்டரித் தொட்டிலையும் பாருங்கள், அங்கே துரு இல்லாத கார் அபூர்வம். கெட்ட இடங்களை நீங்களே படமெடுத்து முதலில் காட்டுங்கள். அவர் கண்டுபிடித்தால் பேரம் வேறு மாதிரி போகும்.

கேள்வி: ஒரிஜினல் எஞ்சின்தான் என்று எப்படி நிரூபிப்பது?

பதில்: இங்கிலாந்தின் கேடன் கிராமத்தில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம், தொழிற்சாலைப் பதிவேட்டிலிருந்து சான்றிதழ் தருகிறது. தயாரித்த தேதி, எஞ்சின் எண், முதல் நிறம், எந்த நாட்டுக்குப் போனது எல்லாம் அதில் வரும். ஆனால் இந்த எஞ்சினில் எண் இருப்பது பிளாக்கில் பொருத்திய சிறு தகட்டில். அதை இடம் மாற்ற முடியும். ஆகவே பழைய பில்களையும் சேர்த்தே காட்டுங்கள்.

கேள்வி: கம்பிச் சக்கரத்தின் நடுவே உள்ள பெரிய நட்டு கழலவே மாட்டேன் என்கிறது.

பதில்: திசை தவறாக இருக்கலாம். கார் முன்னே போகும்போது சக்கரம் சுழலும் திசையில் தட்டினால்தான் கழலும், இரண்டு பக்கமும். செம்புச் சுத்தியலே பயன்படுத்துங்கள். கழற்றியதும் உள்ளே பற்களைப் பாருங்கள். கூர்மையாகத் தேய்ந்திருந்தால் சக்கரம், ஹப் இரண்டையும் மாற்ற வேண்டியதுதான்.