சுற்றுலா மேலாண்மைப் பட்டப்படிப்பில் என்ன கற்றுத் தருகிறார்கள்? என் தம்பியைச் சென்னையில் சேர்க்கலாமா?

பிளஸ் டூவில் வணிகவியல் முடித்த தம்பி ஊர் சுற்றுவதில் ஆர்வமுள்ளவர் என்பதால் இந்தப் படிப்பில் சேர விரும்புவதாக எழுதியிருக்கிறீர்கள். சென்னையில் இதே பட்டத்தைப் படித்து, வெளிநாட்டுப் பயணிகளுக்குத் தென்னிந்தியச் சுற்றுலா ஏற்பாடு செய்யும் நிறுவனமொன்றில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். ஊர் சுற்றும் ஆசை மட்டுமே காரணம் என்றால் சற்று யோசிக்கச் சொல்லுங்கள். மற்றவர்கள் ஊர் சுற்றும் நாட்களில் நாம் அலுவலகத்தில் தொலைபேசியோடு உட்கார்ந்திருப்பதுதான் இந்தத் தொழிலின் இயல்பு. எங்கள் வகுப்பில் சேர்ந்த பலருக்கு முதல் பருவத் தேர்வுக்குப் பிறகுதான் இது புரிந்தது.

படிப்பின் பெரும்பகுதி கணக்கு என்றால் நம்பமாட்டீர்கள். விமான நிலையக் குறியீடுகளில் தொடங்குவார்கள்: சென்னைக்கு எம்.ஏ.ஏ., கோவைக்கு சி.ஜே.பி., மதுரைக்கு ஐ.எக்ஸ்.எம். பிறகு நேர வித்தியாசம். சென்னையில் இரவு 11 மணிக்குப் புறப்பட்டு அதிகாலை 5.30-க்குச் சிங்கப்பூரில் இறங்கும் விமானம் எத்தனை மணி நேரம் பறந்தது என்று கேட்டால், ஆறரை மணி என்று முதல் நாளில் பாதி வகுப்பு எழுதும். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் இருப்பதால் விடை நான்கு மணிதான். அமேடியஸ், கலிலியோ போன்ற முன்பதிவு மென்பொருள்களில் பயிற்சி தரும் கல்லூரியா, கணினித் திரையில் அவை தோன்றும் படங்களை மட்டும் காகிதத்தில் அச்சடித்துக் கொடுக்கும் கல்லூரியா என்பதைச் சேர்வதற்கு முன்பே நேரில் சென்று பார்த்துவிடுவது நல்லது.

எனக்கு மிகவும் பயன்பட்ட பாடம் பயணத் திட்டத்துக்கு விலை நிர்ணயிப்பது. எடுத்துக்காட்டாக, 30 பேரைக் கும்பகோணத்துக்கு இரண்டு நாள் அழைத்துச் செல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். பேருந்து வாடகை, பர்மிட், சுங்கச்சாவடி, ஓட்டுநர் படி, வழிகாட்டியின் கட்டணம் எல்லாம் சேர்ந்து 75,000 ரூபாய். ஆளொன்றுக்கு அறைக்கும் சாப்பாட்டுக்கும் 2,500 ரூபாய். அசலுக்கே விற்றாலும் தலைக்கு 5,000 ரூபாய் வாங்க வேண்டும். 22 பேர் மட்டுமே வந்தால் வரவு 1,10,000; செலவு 1,30,000. எட்டு இருக்கைகள் காலியாகப் போனதற்காக 20,000 ரூபாய் கையை விட்டுப் போகிறது. அந்த 22 பேரில் ஒருவர் தனி அறைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் நட்டம் இன்னும் கூடும். இன்றிரவு காலியாகக் கிடக்கும் அறையை நாளைக்குச் சேர்த்து வைத்து விற்க முடியாது என்ற ஒரே உண்மையிலிருந்துதான் இந்தத் தொழிலின் கட்டண ஏற்ற இறக்கங்கள் எல்லாமே பிறக்கின்றன. அதைப் புரிந்துகொண்டவனுக்குப் பாதிப் பாடத்திட்டம் முடிந்தது போலத்தான்.

கோட்பாடுகளும் உண்டு. ஒரு சுற்றுலாத் தலம் எப்படிக் கண்டறியப்பட்டு, வளர்ந்து, தேங்கி, பிறகு சரிகிறது அல்லது புத்துயிர் பெறுகிறது என்று ரிச்சர்ட் பட்லர் 1980-இல் வகுத்த சுழற்சியையும், ஓர் ஊர் எத்தனை பேரைத் தாங்கும் என்ற தாங்குதிறன் கருத்தையும் தேர்வுக்காக மனப்பாடம் செய்தோம். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்ல இ-பாஸ் கட்டாயமானபோதுதான் தாங்குதிறன் என்ற சொல் எனக்கு உண்மையில் உறைத்தது.

சென்னையில் படிப்பதன் பெரிய அனுகூலம், பாடம் பேருந்துத் தொலைவில் இருப்பதுதான். 1984-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற மாமல்லபுரத்துக்கு எங்களை அழைத்துச் சென்ற ஆசிரியர், அந்தப் பெரிய புடைப்புச் சிற்பத்தின் முன் ஒவ்வொருவரையும் ஐந்து நிமிடம் பேசச் சொன்னார். பல்லவ மன்னர்களின் ஆண்டுகளை ஒன்றுவிடாமல் ஒப்பித்த நண்பனை இடைமறித்து, "பூனை எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். அவன் விழித்தான். அர்ஜுனன் தபசா, பகீரதன் தவமா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடும் அந்தப் பாறையில், எலிகள் சூழ பின்னங்கால்களில் நின்று போலித் தவம் செய்யும் பூனையும் உண்டு. ஏழு நாடு சுற்றிக் களைத்து வரும் பயணி ஆண்டுகளை மறந்துவிடுவார், பூனையை மறக்கமாட்டார் என்பது அவர் வாதம். அவர் சொன்னது சரி என்று வேலைக்குப் போன பின்பு பலமுறை கண்டேன். ஆனால் பட்டம் வாங்கியதாலேயே நினைவுச்சின்னங்களில் வழிகாட்டியாக நின்றுவிட முடியாது. அதற்குத் தனிப் பயிற்சியும் உரிமமும் வேண்டும்.

நேரடிப் பயிற்சியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நான் பயிற்சிக்குச் சென்ற அலுவலகத்தில் முதல் மாதம் முழுவதும் கடவுச்சீட்டுகளை ஜெராக்ஸ் எடுத்ததைத் தவிர வேறு எதுவும் கற்கவில்லை. விசா பிரிவா, டிக்கெட் பிரிவா, பயண ஏற்பாடுகளை நடத்தும் ஆபரேஷன்ஸ் பிரிவா என்பதை எழுத்தில் கேட்டு வாங்கும்படி தம்பியிடம் சொல்லுங்கள். ஆபரேஷன்ஸில் உட்கார்ந்தால் நள்ளிரவு இரண்டு மணிக்கு மீனம்பாக்கத்தில் இறங்கும் பயணிக்கு வண்டி வராத பதற்றத்தையும், அதைச் சமாளிக்கும் விதத்தையும் ஒரே வாரத்தில் கற்றுக்கொள்ளலாம்.

மொழியை மட்டும் அலட்சியம் செய்ய வேண்டாம். ஆங்கிலமும் தமிழும் எல்லோருக்கும் இருக்கும். மூன்றாவதாக ஒன்று இருந்தால்தான் நேர்முகத் தேர்வில் நிமிர்ந்து பார்ப்பார்கள். பிரெஞ்சோ ஜெர்மனோ கற்றால் வெளிநாட்டுக் குழுக்களோடு வேலை கிடைக்கும். ஆயிரம் விளக்குப் பகுதியின் கிரீம்ஸ் சாலையைச் சுற்றியுள்ள விடுதிகளில் வங்காள எழுத்துப் பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். சிகிச்சைக்காக வரும் குடும்பங்களைக் கவனிப்பதும் இந்நகரத்தில் இதே தொழிலின் ஒரு கிளைதான், ஆனால் எங்கள் பாடநூலில் அதற்கு ஒரு பக்கம்கூட இல்லை.

தரமணியில் உள்ள ஹோட்டல் மேலாண்மை நிறுவனத்தின் படிப்போடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது சமையலறையும் வரவேற்பும் சார்ந்த வேறு துறை. சென்னைக்கு வெளியே அனுப்பத் தயார் என்றால், மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் 1983-இல் தொடங்கப்பட்ட இந்தியச் சுற்றுலா மற்றும் பயண மேலாண்மை நிறுவனத்துக்கு நெல்லூரில் ஒரு வளாகம் இருக்கிறது. முதுகலைக்குப் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தையும் மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

சம்பளம் தொடக்கத்தில் குறைவுதான். 2020-இல் கொரோனா வந்தபோது எங்கள் தொழில் ஒரே மாதத்தில் படுத்துவிட்டது. என்னோடு படித்தவர்களில் சிலர் வங்கிக்கும் காப்பீட்டுக்கும் போனவர்கள் திரும்பவில்லை. நானும் ஓராண்டு வேறு வேலை பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

விண்ணப்பம் வாங்குவதற்கு முன் தம்பியிடம் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, மூட்டு வலியுள்ள பாட்டி ஒருவரைச் சென்னையிலிருந்து தஞ்சாவூருக்கும் தாராசுரத்துக்கும் அழைத்துச் சென்று திரும்பும் இரண்டு நாள் திட்டத்தைச் செலவுக் கணக்கோடு எழுதச் சொல்லுங்கள். வழியில் கழிப்பறைக்கு எங்கே நிறுத்துவது, மதியம் நடை சாத்தியிருக்கும் நேரத்தில் பாட்டி எங்கே படுத்திருப்பார், வெயிலில் கொதிக்கும் கருங்கல் தரையில் வெறுங்காலோடு எப்படி நடப்பார் என்பதையெல்லாம் நீங்கள் நினைவூட்டாமலேயே அவர் எழுதியிருந்தால், தயங்காமல் சேர்த்துவிடுங்கள்.