கொழுப்பு நானோ துகளில் மருந்து ஏற்றுதல்: கேள்வி பதில்

கேள்வி: தண்ணீரில் கரையாத மருந்துக்கு எந்தக் கொழுப்பைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: மருந்தே சொல்லட்டும். கிளிசரில் பெஹனேட், கிளிசரில் மோனோஸ்டியரேட், ஸ்டியரிக் அமிலம் மூன்றையும் ஒரு கிராம் வீதம் தனித்தனிக் குப்பிகளில் உருக்கி, உருகுநிலைக்கு 5 முதல் 10 டிகிரி மேலே வைத்து, மருந்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கலக்குங்கள். எதில் அதிகம் கரைந்து தெளிவாக நிற்கிறதோ அதுவே முதல் தேர்வு. ஆறி உறைந்ததில் மருந்துப் படிகம் இருக்கிறதா என்று எக்ஸ்ரே டிஃப்ராக்‌ஷனிலும் பார்த்துவிடுங்கள். சூடேற்றி உருகுமுனையைக் காட்டும் டிஎஸ்சி சோதனையை மட்டும் நம்ப வேண்டாம். சூடேறும்போதே மருந்து உருகிய கொழுப்பில் கரைந்துவிட்டால், படிகம் இருந்தும் அதன் உருகுமுனை தெரியாது.

கேள்வி: செய்த அன்று நன்றாக இருந்தது. சில வாரங்களில் அடியில் மருந்துப் படிகம் தங்குகிறதே?

பதில்: கொழுப்பு முதலில் ஒழுங்கு குறைந்த ஆல்ஃபா வடிவில் உறையும், மருந்துக்கு இடமிருக்கும். நாளாக ஆகப் பீட்டா வடிவுக்கு மாறும்போது அடுக்குகள் நெருங்கி மருந்தை வெளியே தள்ளும். திண்மக் கொழுப்பு 70, ஒலிக் அமிலம் போன்ற திரவக் கொழுப்பு 30 என்ற விகிதத்தில் இரண்டும் கலந்த நானோ துகளாக, அதாவது என்எல்சியாகச் செய்து பாருங்கள். ஏற்றும் மருந்தின் அளவையும் குறையுங்கள்.

கேள்வி: கலவையை உயர் அழுத்தத்தில் நுண்துளிகளாக உடைக்கும் ஹோமோஜெனைசரில் எத்தனை சுற்று?

பதில்: 500 பார் அழுத்தத்தில் 3 சுற்றிலிருந்து தொடங்குங்கள். 100 கிராமுக்குக் கொழுப்பு 5, துளிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் காக்கும் பாலோக்ஸமர் 188 இரண்டு கிராம், மீதி நீர். கிளிசரில் பெஹனேட் என்றால் கொழுப்பும் நீர்க்கரைசலும் 80 டிகிரியில் இருக்க வேண்டும். இயந்திரத்தில் முதலில் வெந்நீர் ஓட்டுங்கள். குளிர்ந்த வால்வில் கொழுப்பு உறைந்து அடைத்துக்கொள்ளும். சுற்றைக் கூட்டிக்கொண்டே போனால் துளிகள் மோதி ஒன்றுசேர்ந்து அளவு பெரிதாகும்.

கேள்வி: துகள்களை மேலே நிறுத்தி நீரை வடிக்கும் அல்ட்ராஃபில்ட்ரேஷனில் 99% மருந்து உள்ளே இருப்பதாக வந்துள்ளது. நம்பலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். பலரும் தவறுவது இங்கேதான். மருந்தின் நீர்க்கரைதிறன் மி.லி.க்கு 2 மைக்ரோகிராம், நீங்கள் சேர்த்தது மி.லி.க்கு 1 மி.கி. என்று வைத்துக்கொள்வோம். துகளுக்குள் துளிகூடப் போகாவிட்டாலும் வடிநீரில் மி.லி.க்கு 2 மைக்ரோகிராம்தான் வரும், கணக்கு 99.8% என்று காட்டும். கரையாத படிகங்கள் துகள்களோடு சேர்ந்து வடிகட்டியின் மேலேயே நின்றுவிடுகின்றன. அதனால் கலவையை 1 மைக்ரான் வடிகட்டியில் விட்டு, முன்னும் பின்னும் மொத்த மருந்தை அளந்து பாருங்கள். குறைந்தால் படிகம் இருக்கிறது. மருந்தேற்றாத துகளோடு மருந்துப் பொடியைச் சும்மா கலந்து அதே சோதனையைச் செய்யுங்கள். அதற்கும் 99% வந்தால், அந்த முறைக்கு உள்ளிருப்பதையும் வெளியிருப்பதையும் பிரித்தறியத் தெரியவில்லை.

கேள்வி: உறைய வைத்து உலர்த்தினால் துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன.

பதில்: ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரையை 5 முதல் 10% சேர்த்துப் பாருங்கள்.