டெர்மினலில் ஃபைல் அளவை எம்பி, ஜிபியாகப் பார்ப்பது எப்படி?

கேள்வி: லினக்ஸில் 'எல்எஸ் -எல்' கொடுத்தால் ஃபைல் அளவு 1500000000 என்று நீளமாக வருகிறது. இதை எம்பி, ஜிபியில் பார்க்க முடியுமா? எந்த ஃபோல்டர் இடத்தை அடைக்கிறது என்று வரிசைப்படுத்தினால், வரிசை ஏன் குழம்புகிறது?

பதில்: 'எல்எஸ் -எல்எச்' என்று கொடுங்கள். 1.4ஜி என்று வரும். 1.5 வர வேண்டாமா என்றால், -எச் 1024 கணக்கில் வகுக்கிறது. 1000 கணக்கு வேண்டுமானால் '--எஸ்ஐ' சேருங்கள், 1.5ஜி வரும். 500 ஜிபி என்று வாங்கிய டிஸ்க்கை, டிஸ்க்குகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்பிஎல்கே' 465.8ஜி என்று காட்டுவதும் இதனால்தான். விற்பவர்களுக்கு 1000 கணக்குதான் வசதி!

இன்னொன்று, 'எல்எஸ்' எப்போதும் மேல்நோக்கியே முழுமையாக்கும். ஒரு எம்பிக்கு மேல் ஒரே ஒரு பைட் கூடினாலும் 1.1எம் என்றுதான் போடும்.

ஃபோல்டருக்கு 'எல்எஸ்' உதவாது. அது காட்டும் 4.0கே, உள்ளே இருப்பவற்றின் மொத்தம் அல்ல. பெயர்ப்பட்டியலுக்கான இடம் மட்டுமே. ஃபோல்டர் பிடித்த இடத்தைக் கணக்கிடுவது 'டியூ', அதை வரிசைப்படுத்துவது 'சார்ட்'. 'டியூ -எச் -டி 1 | சார்ட் -எச்ஆர்' என்று கொடுத்தால் பெரிய ஃபோல்டர் முதலில் வரும். நீங்கள் 'சார்ட் -என்ஆர்' கொடுத்திருப்பீர்கள். -என் எண்ணை மட்டும் படிக்கும், பின்னால் வரும் எழுத்தைக் கண்டுகொள்ளாது. அதனால் 900கே முதலிலும் 20எம் அடுத்தும் 1.5ஜி கடைசியிலும் வந்து நிற்கும். ஃபைல்களை மட்டும் வரிசைப்படுத்த 'எல்எஸ் -எல்எச்எஸ்' போதும், ஆனால் கடைசி எஸ் பெரிய எழுத்தாக இருக்க வேண்டும். சின்ன எஸ் வேறு வேலை செய்யும்.

ஒரே ஃபைலுக்கு 'டியூ' ஒன்றும் 'எல்எஸ்' வேறொன்றும் சொன்னால் இரண்டுமே சரிதான். 'எல்எஸ்' ஃபைலின் நீளத்தைச் சொல்கிறது, 'டியூ' டிஸ்க்கில் பிடித்த இடத்தை. லினக்ஸில் பரவலான ஃபைல் சிஸ்டமான இஎக்ஸ்டி4-இல் பொதுவாக 4096 பைட் பிளாக்குகளாக ஒதுக்கப்படுவதால், ஒரு பைட் ஃபைலும் 4.0கே பிடிக்கும். விர்ச்சுவல் மெஷினின் டிஸ்க் ஃபைலில் இது தலைகீழாகும்: 'எல்எஸ்' 40ஜி என்னும், எழுதப்படாத பகுதிக்கு இடமே ஒதுக்காததால் 'டியூ' 6ஜி என்னும். 'டியூ'விலும் நீளமே வேண்டுமென்றால் '--அப்பேரன்ட்-சைஸ்'.

ஸ்கிரிப்ட்டுக்குள் -எச் போடாதீர்கள். 1.4ஜியை மறுபடி பைட்டாக மாற்றினால் உண்மையான அளவு கிடைக்காது. 'ஸ்டாட் -சி %எஸ்' கொடுத்துப் பைட்டாகவே எடுத்து, கூட்டல் கழித்தலை முடித்து, திரையில் காட்டும்போது மட்டும், பைட்டை எம், ஜி என்று மாற்றித் தரும் 'நம்எஃப்எம்டி --டு=ஐஇசி' வழியாக அனுப்புங்கள்.