காசும் கருவியும் இல்லாமல் கடல் ஆமை பற்றி புராஜெக்ட் செய்ய முடியுமா?

கேட்டவர் சென்னையில் முதுநிலை விலங்கியல் மாணவர். கடைசி செமஸ்டர் புராஜெக்ட்டுக்குக் கடல் ஆமையை எடுக்க ஆசை, ஆனால் கல்லூரியில் சொல்லிக்கொள்கிற மாதிரி லேப் இல்லை என்கிறார்.

முடியும். நானும் அப்படித்தான் செய்தேன். கேள்வியை மட்டும் சின்னதாக வைத்துக்கொள்ளுங்கள். ‘கடல் ஆமைகளின் பாதுகாப்பு’ என்றுதான் நான் முதலில் தலைப்பு எழுதிக் கொடுத்தேன். “இது மேடைப் பேச்சுக்கு ஆகும்” என்று கைடு திருப்பிக் கொடுத்துவிட்டார். கடைசியில் நின்ற கேள்வி இதுதான்: பொரிப்பகத்துக்கு (கரையில் சேகரித்த ஆமை முட்டைகளைப் புதைத்துக் காக்கும் இடம்) மேலே ஓலை நிழல் போட்டால் அடியில் மணலின் சூடு எவ்வளவு குறைகிறது?

அற்பமாகத் தெரியலாம். ஆனால் நம் கடற்கரைக்கு வரும் பங்குனி ஆமையின் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடுதான் முடிவு செய்கிறது. ஏறத்தாழ 29 டிகிரியைத் தாண்ட ஆரம்பித்தால் பெண் குஞ்சுகள் கூடும், இறங்கினால் ஆண். முட்டை மண்ணுக்குள் கிடக்கும் 45 முதல் 60 நாளில் நடுப்பகுதியில்தான் இது தீர்மானமாகிறது. சென்னைக் கரையில் முட்டையிடும் காலம் ஜனவரியில் சூடுபிடிக்கும், உங்கள் செமஸ்டருக்குச் சரியாகப் பொருந்தும். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் புதைக்கும் வேலையை 1988 முதல் மாணவர்கள்தான் செய்துவருகிறார்கள். நானும் சில இரவுகள் கூட நடந்தேன். கால் வலியைப் பற்றிக் கேட்காதீர்கள்.

கருவி என்று பார்த்தால், ரிச்சி தெருவில் வாங்கிய நீள ஒயர் தெர்மோமீட்டர் ஆறு. மீன் தொட்டிக்குப் போடுவார்களே, அதுதான். வாங்கியதும் ஆறையும் ஒரே டம்ளரில், உடைத்த ஐஸும் தண்ணீருமாக நிரப்பி முக்கிப் பாருங்கள். எல்லாமே பூஜ்யம் காட்ட வேண்டும். என்னுடையதில் ஒன்று கிட்டத்தட்ட ஒரு டிகிரி கூடக் காட்டியது. அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டி எவ்வளவு கழிக்க வேண்டும் என்று எழுதி வைத்தேன்.

அப்புறமும் சொதப்பினேன். முதல் இரண்டு வாரம் ஒயர் முனையை ஒரு சாண் ஆழத்தில்கூட வைக்கவில்லை. மதியம் எக்கச்சக்கமாக ஏறும், விடிகாலையில் இறங்கும், ஒன்றும் பிடிபடவில்லை. முட்டை இருப்பது முழங்கை ஆழத்தில். அங்கே வைத்த பிறகு பகலுக்கும் இரவுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. வீணாய்ப் போன அந்த இரண்டு வார எண்களைக் கைடு தூக்கிப் போட விடவில்லை. ‘ஆழமும் சூடும்’ என்று அதுவே ஒரு படமாக அறிக்கையில் ஏறியது.

ஒரு எச்சரிக்கை. கடல் ஆமை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. முட்டையைத் தொடும் எந்த வேலைக்கும் வனத்துறை அனுமதி வேண்டும். மாதக்கணக்கில் ஆகலாம், இப்போதே எழுதிப் போடுங்கள். நான் பொறுப்பாளர்களிடம் கேட்டுக்கொண்டு, குழிகளுக்கு நடுவே இருந்த வெறும் மணலைத்தான் அளந்தேன்.

வைவாவில் வெளித் தேர்வாளர் முதல் கேள்வியே, “எத்தனை பெண் குஞ்சு வந்தது?” என்றார். குஞ்சை வெளியிலிருந்து பார்த்து ஆண், பெண் சொல்ல முடியாது சார், நான் அளந்தது மணலை மட்டும்தான் என்றேன். தலையாட்டிவிட்டு ஐஸ் டம்ளர் பக்கத்தைத் திருப்பினார், மீதி நேரம் முழுக்க அதைப் பற்றியே கேட்டார்.