பழைய கேடிஎம் 300 இஎக்ஸ்சி டிபிஐ வாங்கினால் முதலில் எதை மாற்ற வேண்டும்?

2019 மாடல் 300 இஎக்ஸ்சி டிபிஐ (கேடிஎம்மின் டூ-ஸ்ட்ரோக் ஆஃப்ரோடு பைக்) ஒன்றை செகண்ட் ஹேண்டில் எடுக்கப் போவதாகவும், எடுத்ததும் எக்ஸ்பான்ஷன் சேம்பரையும் (இன்ஜினிலிருந்து வரும் வீங்கிய எக்ஸாஸ்ட் குழாய்) சைலன்சரையும் மாற்றலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதைக் கடைசியில் பாருங்கள், பார்க்காமல் விட்டாலும் நஷ்டமில்லை. இந்த இன்ஜினில் பவருக்குப் பஞ்சம் கிடையாது. முதல் காசு ஆயிலும் காற்றும் பெட்ரோலும் வரும் பாதைகளுக்குப் போகட்டும்.

2017 மாடல் வரை இது கார்புரேட்டர் வண்டி. 2018 மாடலில் டிபிஐ, அதாவது டிரான்ஸ்ஃபர் போர்ட்டில் பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்ஷன், வந்தது. 72 மிமீ போர், 72 மிமீ ஸ்ட்ரோக், 293.2 சிசி என்ற கணக்கு மாறவில்லை. சிலிண்டரின் பின்பக்க டிரான்ஸ்ஃபர் போர்ட் (இன்ஜின் அடிப்பகுதியிலிருந்து சிலிண்டருக்குக் காற்று ஏறும் வழி) இரண்டிலும் ஒவ்வொரு இன்ஜெக்டர் உட்கார்ந்தது. கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோலோடு கலந்த 2டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயில் இன்ஜின் அடிப்பகுதியான க்ராங்க் கேஸ் வழியாகப் போகும், போகிற வழியில் பேரிங்குகளை நனைத்துவிடும். டிபிஐயில் பெட்ரோல் அந்த வழியாக வருவதில்லை. அதனால் ஆயிலுக்கென்று 0.7 லிட்டரில் தனி டேங்க், மின்சார பம்ப். த்ராட்டில் பாடியில் விழும் ஆயில்தான் காற்றோடு சேர்ந்து க்ராங்குக்குப் போகிறது. பேரிங்கில் படிந்த ஆயிலைக் கழுவிவிடப் பெட்ரோல் இல்லை என்பதால் 80:1, 100:1 (பெட்ரோல் 80 அல்லது 100 பங்குக்கு ஆயில் 1 பங்கு) என்று குறைவான ஆயிலிலேயே ஓடுகிறது. ஒருமுறை நிரப்பினால் ஐந்தாறு டேங்க் பெட்ரோலுக்குத் தாங்கும்.

சிக்கல் இருப்பதும் இங்கேதான். டேங்க்கில் ஆயில் குறைந்தால் விளக்கு எரியும். ஆனால் பம்ப்பிலிருந்து ஆயில் நிஜமாகவே போய்ச் சேருகிறதா என்று பார்க்க எந்த சென்சாரும் இல்லை. குழாய் கழன்றாலோ நடுவில் காற்று அடைத்தாலோ விளக்கு எரியாது, வண்டியும் வழக்கம்போல ஓடும், பிறகு ஒரேயடியாக சீஸ் ஆகும் (பிஸ்டன் இறுகி நின்றுவிடும்). எனவே பெட்ரோல் டேங்கைக் கழற்றி, த்ராட்டில் பாடிக்குப் போகும் ஆயில் குழாயின் இரண்டு முனைகளையும் பாருங்கள். கிளிப் இறுக்கமாக இருக்க வேண்டும், சுற்றிலும் ஆயில் கசிவு இருக்கக் கூடாது. முன் ஓனர் ஆயில் டேங்கைக் காலியாக ஓடவிட்டிருந்தாலோ யாராவது அந்தக் குழாயைக் கழற்றியிருந்தாலோ காற்றை வெளியேற்றியே ஆக வேண்டும். அதைச் செய்த பிறகும் முதல் டேங்க் பெட்ரோலில் 60:1 கலந்து ஓட்டுவது நல்லது: 9 லிட்டருக்கு 150 மிலி. கொஞ்சம் புகையும், புகையட்டும்.

அடுத்து காற்று. ஃபில்டரைக் கழற்றிவிட்டு இன்டேக் ரப்பரின் உள்பக்கத்தை ஒரு வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் மண் நிறம் வந்தால், ஆவர் மீட்டர் என்ன காட்டினாலும் சரி, பிஸ்டனையும் ரிங்கையும் திறந்து பார்க்காமல் விலை பேசாதீர்கள். ஃபில்டர் கூண்டு சரியாகப் பொருந்தாமல் ஓரமாகத் தூசி நுழைவது இந்த வண்டிகளில் சகஜம். நன்றாகப் பொருந்தும் கூண்டும் விளிம்பில் தடவும் கிரீஸும் சைலன்சர் விலையில் ஒரு சிறு பங்குதான்.

பெட்ரோல் பாதையில் பம்ப்புக்குள் ஒரு ஃபில்டர், டேங்குக்கு வெளியே குழாய் இணைப்பில் இன்னொரு குட்டி ஃபில்டர். இரண்டையும் வாங்கியதுமே மாற்றுங்கள். நீண்ட ஏற்றத்தில் முழு த்ராட்டிலில் வண்டி மூச்சு வாங்கினால் முதல் சந்தேகம் இவற்றின்மேல். ஐடிலிங் மட்டும் ஏறி இறங்கினால், பிரஷர் சென்சாருக்குப் போகும் ஒல்லிக் குழாயில் ஆயில் தேங்கியிருக்கிறதா என்று பாருங்கள். சுத்தம் செய்துவிட்டு, ஆயில் மறுபடி இன்ஜினுக்கே வடியும்படி குழாயை மேல்நோக்கி வளைத்துக் கட்டினால் போதும். இதையெல்லாம் பார்க்காமல் ஈசியு மேப்பை (இன்ஜின் கம்ப்யூட்டரில் இருக்கும் செட்டிங்) குறை சொல்பவர்களே அதிகம்.

இன்ஜினின் குணத்தை மாற்ற மலிவான வழி பவர் வால்வு (இன்ஜின் வேகத்துக்கேற்ப எக்ஸாஸ்ட் வாயைத் திறந்து மூடும் வால்வு) ஸ்பிரிங். மஞ்சள் நிறம் கம்பெனியில் வருவது, பச்சை மென்மையாக இழுக்கும், சிவப்பு முரட்டுத்தனமாக. மாற்றும்போது வால்வில் படிந்த கரியையும் துடைத்துவிடுங்கள், பாதி நேரம் அதுவே பழைய இழுப்பைத் திருப்பித் தந்துவிடும்.

சிலிண்டர் ஹெட் மாற்ற ஆசை இருந்தால் முதலில் ஸ்குவிஷ் இடைவெளியை (பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதன் விளிம்புக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருப்பது) அளக்க வேண்டும். 3 மிமீ சால்டரிங் ஈயக் கம்பியை ப்ளக் துளை வழியாக விட்டு, பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் பின் (pin) நீளும் திசையில் சிலிண்டர் சுவரைத் தொடும்வரை தள்ளி, கிக்கரையோ ஃப்ளைவீலையோ கையால் சுற்றி நசுக்குங்கள். நசுங்கிய நுனியை வெர்னியரில் அளந்தால் இடைவெளி தெரியும். இரண்டு பக்கமும் அளந்து சராசரி எடுங்கள். அந்தப் பின்னுக்கு (pin) குறுக்காக அளந்தால் பிஸ்டன் சாய்ந்துவிடும், அளவு பொய்யாக வரும். 1.3 மிமீ அளவில் நிறுத்துவது பாதுகாப்பானது, அதற்கும் கீழே இறங்குவது ரேஸ்காரர்களின் வேலை.

ஸ்பிரிங்குகளுக்கு வந்தால், 48 மிமீ எக்ஸ்ப்ளோர் ஃபோர்க்கும் பின்னால் லிங்கேஜ் இல்லாத பிடிஎஸ் ஷாக்கும் சுமார் 75 முதல் 85 கிலோ எடையுள்ளவருக்காக அமைத்தவை. சாக் என்பது எடையில் ஷாக் எவ்வளவு இறங்குகிறது என்ற அளவு. பின்பக்க ரைடர் சாக் (ஆள் ஏறி உட்கார்ந்தபோது) 110 மிமீ, ஆள் ஏறாத சாக் 35 மிமீ சுற்றி இருக்க வேண்டும். ரைடர் சாக் 110 வரும்வரை ஸ்பிரிங்கை முறுக்கிய பிறகு, ஆளில்லாத சாக் 20தான் வருகிறது என்றால் ஸ்பிரிங் உங்களுக்கு மெலிது. மேலும் முறுக்கிப் பயனில்லை, அடுத்த ரேட் ஸ்பிரிங்தான் வேண்டும்.

ரேடியேட்டர் கார்டு, அடியில் ஸ்கிட் பிளேட், சேம்பருக்கு கார்டு மூன்றும் விழுவதற்கு முன்பே வாங்க வேண்டியவை. பாறைப் பாதையில் முதல் கியரிலேயே ஊர்ந்து கிடப்பவருக்கு ரேடியேட்டர் ஃபேனும்.

டிபிஐயைக் கழற்றிவிட்டுக் கார்புரேட்டர் போடும் கிட் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஆயில் பம்ப் பயத்துக்காக மட்டும் அதைச் செய்ய வேண்டாம். ஆயில் குழாயை மாதம் ஒருமுறை பார்க்கும் வேலைக்கு அவ்வளவு செலவு தேவையில்லை. 2024 மாடலில் இன்ஜெக்டர்கள் த்ராட்டில் பாடிக்கே இடம் மாறிவிட்டன, பவர் வால்வையும் மோட்டார் திருப்புகிறது. கையில் பணம் இருந்தால் கிட்டுக்குப் போடுவதை அந்த மாடலுக்கான சேமிப்பில் போடுங்கள்.